மிக்கி மௌஸுடன் ஒரு காலைச் சிற்றுண்டி

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் வந்தோம். திரும்பி வந்த நாள் முதல் சங்கத்தில் சந்திக்கும் அன்பர்கள் எல்லோரும், "நயாகரா பார்த்தீரா? சுதந்திர தேவி சிலையைப் பார்த்தீரா?" என்றே கேட்கிறார்கள். இரண்டையும் பார்க்கவில்லை. "பின்னே என்னதான் பார்த்தீர்?" என்று கேட்டால், "ஓர் எலியோடு உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டேன்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த நண்பர் ஒருவர், "அது என்ன சங்கதி? எழுதிக் கொடும், நாளைக்கு நாங்களும் போகிறவர்கள்தானே" என்றார். அவர் சொன்னது சரிதான். சாலையிலும் கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள நம்மவர் வீடுகளில் பிள்ளை அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ இல்லாத வீடு இன்று குறைவு. ஆகவே எழுதுகிறேன்.

பேத்தியும் நானும்

எலியாரிடம் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டு நிலையைச் சொல்லிவிட வேண்டும்.

என் தகப்பனார் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு வந்து ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். நான் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்தேன். தமிழில் எழுதப் படிக்கத் தகப்பனார் சொல்லிக் கொடுத்தார். என் மகனுக்கு நான் அதைச் செய்யவில்லை. கடையைப் பூட்டி வீட்டுக்கு வரும்போது இரவு பத்து மணியாகிவிடும். அவன் மலையாளம் படித்தான், ஆங்கிலம் படித்தான், அமெரிக்கா போனான். தமிழ் அவனுக்குப் பேச்சில் மட்டும் தங்கியது. அவனுடைய மகளுக்கு, அதாவது என் ஆறு வயதுப் பேத்திக்கு, அதுவும் பாதியாகக் குறைந்துவிட்டது. நாம் பேசினால் ஓரளவு புரிந்துகொள்வாள். பதில் வருவது ஆங்கிலத்தில். என் ஆங்கிலமோ பில் புத்தகத்துக்குப் போதுமான ஆங்கிலம்.

அட்லாண்டாவில் போய் இறங்கிப் பத்து நாளாகியும் அந்தக் குழந்தை என் பக்கத்தில் வரவில்லை. பாட்டியிடம் தலை பின்னிக்கொள்ளப் போவாள். நான் ஏதாவது கேட்டால் தகப்பன் முகத்தைப் பார்ப்பாள், அவன் மொழிபெயர்ப்பான், அவள் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து போனவனுக்கு மனசு என்னவோ போல் இருந்தது. இந்த வருத்தத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் ஆர்லாண்டோவுக்குக் காரில் புறப்பட்டேன்.

பந்திக்கு வரும் எலியார்

மிக்கி மௌஸ் 1928-ம் ஆண்டு திரைக்கு வந்தவர். அவரைப் படைத்த வால்ட் டிஸ்னி 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்தார். புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோவுக்கு அருகே உள்ள டிஸ்னி வேர்ல்ட் அவர் காலமான பிறகு, 1971 அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. இங்கே பூங்காக்கள் மட்டுமல்ல, தங்கும் ஹோட்டல்களும் பல உண்டு. அவற்றில் சிலவற்றில் காலைச் சிற்றுண்டி நேரத்தில் மிக்கியும் அவர் கூட்டத்தாரும் மேசை மேசையாக வந்து விருந்தினரை நலம் விசாரிப்பார்கள். சிற்றுண்டியைவிட இந்த விசாரிப்புக்குத்தான் கூட்டம்.

நாங்கள் போன இடம் கன்டெம்பொரரி என்ற ஹோட்டலில் உள்ள 'ஷெஃப் மிக்கி'. 1971-ல் பூங்காவோடு சேர்ந்தே திறந்த ஹோட்டல் அது. மோனோ ரயில் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து வெளியே போகிறது. நாம் பல் குத்திக்கொண்டு நிற்கும்போது தலைக்கு மேல் ரயில் ஓடுகிறது! நான்காவது மாடியில் சாப்பாட்டுக் கூடம். வேண்டியதை நாமே எடுத்துச் சாப்பிடும் பஃபே முறை.

போக நினைக்கும் அன்பர்களுக்குச் சில விவரங்கள். அறுபது நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். நல்ல நேரம் வேண்டுமானால் அன்றே செய்துவிட வேண்டும். ஹோட்டலில் நடக்கும் சிற்றுண்டி ஆனதால் பூங்கா டிக்கெட் தேவையில்லை. பத்து வயதானால் பெரியவர் கணக்கு. மூன்று முதல் ஒன்பது வயது வரை பிள்ளை கணக்கு. மூன்று வயதுக்குக் கீழே கட்டணம் கிடையாது. பெரியவருக்கு ஐம்பது டாலருக்கு மேல். வரியும் டிப்ஸும் தனி. எங்கள் நான்கு பேருக்கும் பேத்திக்கும் சேர்த்து ஏறக்குறைய முந்நூறு டாலர் ஆயிற்று. இரண்டு வயதுப் பேரன் மட்டும் இலவசம். நம் ரூபாயில் 24,000-க்கு மேல்! சாலையில் நாலு இட்லியும் ஒரு ரசவடையும் சாப்பிட்டு எழுந்திருக்கிறவனுக்கு இந்தக் கணக்கு தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் பையன் கூப்பிட்டுப் போகிறான். வாயை மூடிக்கொண்டு போனேன்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். பழம், ரொட்டி, உருளைக்கிழங்கு, மிக்கி முகம் போலவே வார்த்த வாஃபிள் என்று வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம். முன்பதிவின்போதே சொல்லி வைத்தால் சமையற்காரரே மேசைக்கு வந்து எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று விளக்குகிறார். என் மனைவி அப்படியும் நம்பாமல் கைப்பையில் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருந்தாள். உருளைக்கிழங்குக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

பேசாத விருந்தினர்

உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். முதலில் கூஃபி என்ற நெட்டை நாயார் வந்தார். பேரன் வீறிட்டு அழுதான். மருமகள் அவனைத் தூக்கி முன்னால் நீட்டப் போனாள். கூஃபியோ இரண்டு அடி பின்னால் போய், முழங்காலிட்டு உட்கார்ந்து, தன் கண்ணையே பொத்திக்கொண்டார். தாம் பயந்துவிட்டதுபோல் உடம்பை நடுக்கினார். பேரன் அழுகையை நிறுத்தி எட்டிப் பார்த்தான். பிறகுதான் கூஃபி ஒரு விரலை மட்டும் நீட்டினார். அவன் தொட்டான். சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோகும் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான்: தள்ளாதீர்கள், காத்திருங்கள்.

பிறகு மிக்கி வந்தார், தலையில் சமையற்காரத் தொப்பியோடு. பேத்தி நாற்காலியிலிருந்து குதித்து ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். கொரோனா காலத்தில் இந்தக் கட்டிக்கொள்ளுதல் நின்றிருந்ததாம். 2022 ஏப்ரலில்தான் மறுபடி அனுமதித்தார்கள் என்று மகன் சொன்னான். குழந்தை தன் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டினாள். தடித்த உறையிட்ட விரல்களால் அவர் பேனாவைப் பிடித்து எழுதினார். அவள் என்னென்னவோ கேட்டாள். தலையை ஆட்டினார், கன்னத்தில் கை வைத்து வியந்தார், வயிற்றைத் தடவிப் பசிக்கிறது என்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

படத்தில் மிக்கி பேசுவார். ஆரம்ப காலத்தில் வால்ட் டிஸ்னியே அவருக்குக் குரல் கொடுத்தார். ஆனால் பந்திக்கு வரும்போது, முகமூடி அணிந்த பாத்திரங்கள் பேசுவதில்லை. இளவரசிகளாக வரும் பெண்கள் தங்கள் சொந்த முகத்தோடு வருவதால் பேசுவார்கள். முகம் மூடியவர்களுக்குக் கையும் காலும் தலையும்தான் மொழி. பக்கத்து மேசையில் ஒரு ஸ்பானிய மொழிக் குடும்பம், அதற்கு அடுத்ததில் சீனக் குடும்பம். யாருக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை.

பத்து நாள் நான் பேசிப் பார்த்தும் வராத பேத்தி, பேசவே பேசாத எலியிடம் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று என் தோள்பட்டை வலித்தது. அது 1982-ம் ஆண்டு வலி.

சாலையில் ஒரு மாவேலி

இனி எழுதப் போவது இதுவரை யாரிடமும் நான் சொல்லாதது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் உண்டாக்கிய சாலைக் கம்போளத்தைப் பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓணச் சந்தை என்றால் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை எள் போட இடமிருக்காது. அந்த ஆண்டு எனக்குப் பதினெட்டு வயது. ஒரு துணிக்கடையில் எடுபிடியாக இருந்தேன். ஓண வியாபாரத்துக்காகக் கடை வாசலில் மாவேலி வேடத்தில் ஓர் ஆளை நிறுத்த முதலாளி ஏற்பாடு செய்திருந்தார். கிரீடம், முறுக்கு மீசை, முன்னால் தள்ளிய தொப்பை, கையில் ஓலைக்குடை. ஆண்டுக்கொரு முறை குடிகளைப் பார்க்க வரும் ராஜா அல்லவா! அந்த ஆள் வரவில்லை. முதலாளி சுற்றிலும் பார்த்தார். கடையில் கொஞ்சம் உயரமானவன் நான்தான்.

வேடம் கட்டும்போது ஒரே ஒரு உத்தரவு போட்டார்: "ஏலே, என்ன வந்தாலும் வாயத் தொறக்கப்படாது, கேட்டியா? மாவேலி திருநெல்வேலித் தமிழ் பேசுதாருன்னு சனம் சிரிச்சுப்போடும்."

என் மலையாளம் நல்ல மலையாளம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் பிறந்து வளர்ந்த தெருவிலேயே வாயைத் திறந்தால் நான் வேற்றாள் என்று. கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் நாளைக்கு 15 ரூபாய் கூலி. மூன்று நாளைக்கு 45 ரூபாய்.

தொப்பைக்கு வைத்துக் கட்டிய பஞ்சில் எனக்கு முன்னால் கட்டியவரின் வியர்வை நாற்றம். பவுடரும் சாயமும் கண்ணில் வழியும். தூக்கிப் பிடித்த குடையால் வலது தோள் மரத்துப்போகும். தண்ணீர் குடிக்க மீசையைக் கழற்ற வேண்டும் என்பதால் மத்தியானம் வரை தண்ணீர் கிடையாது. முதல் மணி நேரம் பொம்மைபோல் நின்றேன். அப்புறம் ஒரு குழந்தை வந்து என் கையைப் பிடித்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்தேன். குடையை அதன் தலைக்கு மேல் பிடித்தேன். குழந்தை சிரித்தது. அதிலிருந்து எனக்கு வழி பிடிபட்டுவிட்டது. வயிற்றைக் குலுக்கினால் ஒரு சிரிப்பு, தலையில் கை வைத்தால் ஒரு கும்பிடு. மலையாளப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, கோட்டைக்குள்ளிருந்து வரும் பிள்ளை, சுமை தூக்குகிறவர் பிள்ளை, எல்லோருக்கும் நான் ராஜா.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் தகப்பனார் என் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அந்த வழியே வந்தார். நான் வேடம் கட்டுவது வீட்டில் தெரியாது. கணக்கப்பிள்ளை மகன் தெருவில் கோமாளி வேஷம் போட்டான் என்று வந்துவிடுமோ என்று பயந்து மறைத்திருந்தேன். தங்கச்சி ஓடி வந்து கையை நீட்டினாள். மிட்டாய் கொடுத்தேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. தகப்பனார் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். மாவேலியின் காலில் அவர் வாங்கிக் கொடுத்த செருப்பு. ஒன்றும் சொல்லாமல், மாவேலிக்கு எல்லோரும் கும்பிடுவதுபோல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பலகாரத்துக்கு உட்கார்ந்தோம். என்ன சொல்லப் போகிறாரோ என்று இட்லி உள்ளே போகவில்லை. அவர் தலையைத் தூக்காமலே, "கொடய ரெண்டு கையாலயும் பிடிச்சா தோளு வலிக்காது" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு இன்னும் இரண்டு இட்லி போடச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் காலமாகும் வரை அந்தப் பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை.

வேடத்துக்குள் இருப்பவர்

அவர் கும்பிட்டது ஏன் என்று எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அவர் ஊர்ப்பக்கத்தில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து வேடம் கட்டுவார்கள். காளி, ராமர், ராஜா, குரங்கு, கரடி, போலீஸ்காரர் என்று எத்தனையோ வேடம். வீடு வீடாகவும் கடை கடையாகவும் போய்க் காணிக்கை பெற்று அம்மனுக்குச் செலுத்துவார்கள். வாசலுக்கு வந்து நிற்பவரை யாரும் வேஷக்காரன் என்று துரத்துவதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, வேடம் என்பது வெட்கப்படும் காரியம் அல்ல.

டிஸ்னியில் வேடம் கட்டுபவர்களும் கூலிக்கு உழைப்பவர்கள்தாம். அவர்களுக்கும் தொழிற்சங்கம் உண்டு. புளோரிடாவில் டீம்ஸ்டர்ஸ் சங்கம் அவர்களுக்காகப் பேசுகிறது. முன்பு வேடத்துக்குள் போடும் உள்ளாடைகளைக்கூடப் பலர் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. சங்கம் பேசி, 2001-ல்தான் ஆளுக்குத் தனி உள்ளாடை என்று முடிவாயிற்று. கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் வேடம் கட்டுபவர்களும் ஊர்வலக் கலைஞர்களுமாகச் சுமார் 1,700 பேர் 2024 மே மாதம் வாக்களித்து நடிகர் சங்கத்தில் சேர்ந்தார்கள். இதைப் படித்தபோது அந்தப் பஞ்சுத் தொப்பையின் நாற்றம் என் மூக்கில் வந்தது.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை செய்பவர் "நான் மிக்கி" என்று சொல்லக்கூடாது. "நான் மிக்கிக்கு நண்பர்" என்றுதான் சொல்வார்கள். குழந்தையின் நம்பிக்கை கெடக்கூடாது என்பதற்காக. நல்ல வழக்கம்தான். ஆனால் நம்மைப் போன்ற பெரியவர்களாவது உள்ளே ஒரு மனிதர் வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். கூஃபி எங்கள் மேசையை விட்டுப் புறப்பட்டபோது நான் எழுந்து நின்று கைகூப்பினேன். அவரும் நீண்ட கைகளைக் கூப்பி, இடுப்பை வளைத்து வணங்கினார். எந்த ஊர்ப் பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

துணித்துண்டுக் குடை

சிற்றுண்டிக்கு நடுவே ஒரு பாட்டைப் போட்டு எல்லோரையும் கைத்துடைக்கும் துணியை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றச் சொல்கிறார்கள். கூடம் முழுவதும் வெள்ளைத் துணி பறக்கிறது. பேத்தி எழுந்து நின்று சுழற்றினாள். என்னைப் பார்த்தாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, என் துணியை இரண்டு கையாலும் விரித்துக் குடைபோல் அவள் தலைக்கு மேல் பிடித்தேன். வயிற்றை முன்னால் தள்ளி, ஒரு குலுக்குக் குலுக்கினேன். 41 ஆண்டுக்குப் பிறகும் வயிறு மறக்கவில்லை. இப்போது பஞ்சும் தேவைப்படவில்லை!

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். துணிக்குள் தலையை நுழைத்து, "தாத்தா, யாரு?" என்றாள். தமிழில் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"மாவேலி" என்றேன். பிறகு கதை முழுவதும் சொன்னேன். கடை, மீசை, குடை, செருப்பு எல்லாம். பாதி எனக்குக் கை பேசியது, பாதி மகன் ஆங்கிலத்தில் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தவன் செருப்பு வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "அப்பா, இத எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லயே" என்றான். உண்மைதான். சொல்லியிருக்க வேண்டும். கடை, கணக்கு, பள்ளிக்கூடக் கட்டணம் என்று முப்பது ஆண்டு ஓடிவிட்டது.

அட்லாண்டாவுக்குத் திரும்பும் வழியெல்லாம் பேத்தி காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதைப் பார்த்தாலும் "தமிழ்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மரம், பாலம், லாரி, மேகம். லாரிக்கு மட்டும் எனக்குத் தமிழ் உடனே வரவில்லை.

சங்கத்துக்கு ஒரு யோசனை

முந்நூறு டாலரும் தகுமா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தகும். ஆனால் அங்கே விலை கொடுத்து வாங்கியது வாஃபிள் அல்ல. ஒருவர் குழந்தையின் மேசை தேடி வருகிறார், அதன் உயரத்துக்குக் குனிகிறார், அவசரப்படாமல் நிற்கிறார். அதற்குத்தான் அந்த விலை. அதை நாம் நம் பேரப்பிள்ளைகளுக்குச் செலவில்லாமலே கொடுக்கலாம்.

ஆகவே செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் இங்குள்ள பிள்ளைகளும் சேரும்படி, ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் காலைச் சிற்றுண்டி வைக்கலாம். இட்லி, பொங்கல், ரசவடை போதும. பந்தி நடக்கும்போது ஔவைப் பாட்டி ஊன்றுகோலோடு வரட்டும். பாரதியார் தலைப்பாகையோடு வரட்டும். பிள்ளைகளிடம் பெயரைக் கேட்கட்டும், தட்டில் இருப்பது என்ன என்று கேட்கட்டும். தமிழில் ஒரு சொல் திருப்பிச் சொன்ன பிள்ளைக்கு ஒரு மிட்டாய். ஊர் சாலை ஆனதால் மாவேலியும் வந்தே தீர வேண்டும்.

மாவேலி வேடத்துக்கு ஆள் தேட வேண்டாம். நான் இருக்கிறேன். கூலியும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: இந்த முறை நான் வாயைத் திறந்து பேசுவேன்.